சட்டைப்பைக்குள் அடங்குகிற கேமரா

எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று மறந்துவிடுகிறது. எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்பேன். எங்கள் தெருவுக்குச் செல்போன் வந்துவிட்டது, அதில் படம் எடுக்கிற வசதி இன்னும் வரவில்லை, அந்தக் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேமரா வாங்கிய விஷயத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆமத்தூரில் மகனோடும் மருமகளோடும் இருந்தேன். மகனுக்கு சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிற வேலை. காலண்டர் சீசன் முடிந்தால்தான் அவனை வீட்டில் பார்க்க முடியும். அந்த வருஷம் சீசன் முடிந்ததும் காசிக்குப் போவது என்று முடிவானது. கல்யாணமாகி நெடுநாள் ஆகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று காசியில் கும்பிட்டால் பலன் உண்டு என்று யாரோ மருமகளிடம் சொல்லியிருந்தார்கள். என்னைத் தனியாக விட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை. டூர்க்காரரிடம் எனக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

காசி என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆசைதான். நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து திரி வெட்டிய ஒருத்தி காசிக்குப் போய் வந்தவள். அவள் சொன்னாள்: "அங்கன யாரும் குறுக்க நிக்க மாட்டாக மதினி. சாமி தரையோட தரையா இருக்கு. குனிஞ்சு நம்ம கையாலயே தண்ணி ஊத்தி, தொட்டுக் கும்பிடலாம்."

நாங்கள் எந்தப் பெரிய கோயிலிலும் சாமியைத் தொட்டவர்கள் இல்லை. என் அம்மா வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியவள். நான் உள்ளே போனேன், ஆனாலும் எட்டத்தில் நின்று எம்பித்தான் பார்த்தேன். அலுமினியப் பவுடர் ஏறி நகக்கண் எல்லாம் வெள்ளி நிறத்தில் கிடந்த கை இது. இந்தக் கையால் தொடலாமா என்று அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆசையோடு ஒரு பயமும் இருந்தது. அதற்கு முந்தி நாகர்கோவில் பக்கம் கோயில் கோயிலாகப் போனோம். மகன் தெரிந்தவர்களிடம் ஒரு கேமரா இரவல் வாங்கி வந்திருந்தான். பிலிம் ரோல் போடுகிற பெரிய கேமரா. அதற்கு ஒரு பை, பைக்கு ஒரு நாடா. எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலில் கேமரா கூடாது என்றார்கள். இரவல் பொருளை யாரிடம் கொடுப்பது? அவர்கள் ஜோடியாகப் போய்க் கும்பிட வேண்டியவர்கள். மிச்சம் இருக்கிறவள் நான்.

"யம்மா, செத்த இங்கன உக்காந்துக்க. வெரசா வந்துருவோம்" என்பான். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு தேரடியிலோ தெப்பக்குளத்துப் படியிலோ உட்காருவேன். திரும்பி வந்து விபூதி கொடுப்பார்கள்.

"உள்ள எப்படிலே இருந்துச்சு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எல்லாக் கோயில்லயும் இருக்கிறதுதேன். உள்ள சாமி இருக்கு" என்றான். மருமகள் அவன் முதுகில் ஓர் அடி போட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்து ரோலைக் கழுவினால் ஒரே ஒரு படத்தில் ஓரமாக என் முழங்கால் விழுந்திருந்தது. அதன்மேல் அந்தப் பை இருந்தது.

காசிக்குச் சொந்தமாகவே கேமரா வாங்கிவிடலாம் என்று மகன் சொன்னபோது எனக்கு அந்தத் தேரடிதான் ஞாபகம் வந்தது. சொந்தக் கேமரா என்றால் இரவலைவிட ஜாஸ்தியாகக் காபந்து பண்ணுவான்.

விருதுநகர் பஜாரில் ஒரு ஸ்டுடியோவோடு சேர்ந்த கடை. மகன் முன்னால் போக, சூட்கேஸ் வாங்க வந்த மருமகளோடு நானும் ஏறினேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்களை வைத்தார். ஒன்று பருமன், மூக்கு நீட்டிக்கொண்டு இருந்தது, கழுத்தில் மாட்டுகிற வார் வைத்தது. இன்னொன்று சோப்பு டப்பா மாதிரி, தட்டையாக, வெள்ளி நிறம். இரண்டுக்கும் ரோல் தேவையில்லையாம். எடுத்த உடனே பின்பக்கம் படம் தெரியுமாம்.

"அண்ணாச்சி, பெரிசுல ஜூம் இருக்கு பாருங்க. கங்கைக்கு அந்தக் கரையில நிக்கிற பொம்பள மூக்குத்தி தெரியும்" என்றார் கடைக்காரர்.

"அந்தக் கரையில எவ மூக்குத்திய இவுக பாக்கப் போறாக?" என்றாள் மருமகள்.

மகன் அதைக் காதில் வாங்கவில்லை. பெரியதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிரஸ்காரன் இல்லையா, பெரிய லென்ஸ் இருந்தால்தான் பிரிண்ட் போடும்போது பிசிறடிக்காது என்று அவன் ஒரு கணக்குச் சொன்னான். கடைக்காரர் இன்னொரு காரணத்தையும் எடுத்துவிட்டார்.

"பயணத்துக்குன்னா இதுதேன் தோது அண்ணாச்சி. சின்னதுக்குத் தனி பேட்டரி, தனி சார்ஜர். ரயில்ல எங்கன போய்ச் சார்ஜ் போடுவீக? பெரிசுக்கு டார்ச்சுக்குப் போடுற பென்சில் பேட்டரி போதும். காசில பெட்டிக்கடையிலயும் கிடைக்கும்."

அவர் சொல்வதெல்லாம் நியாயமாக இருந்தது. பெரியதுதான் தோது. அதற்கு ஒரு பை கொடுப்பார்கள். அந்தப் பைக்கு ஒரு மடி வேண்டும்.

"சின்னது நல்லாருக்குலே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன யம்மா?"

"சின்னது. சட்டைப்பைல போட்டுக்கலாம்ல."

அவன் சிரித்தான். "நீயா படம் எடுக்கப் போற? உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"

கோயிலுக்குள்ளே நானும் வரணும்லே, அதற்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அவர்கள் பிள்ளை வரம் கேட்டுப் போகிறவர்கள். நடுவில் நான் என் ஆசையைக் கொண்டுபோய் நீட்டினால் நன்றாகவா இருக்கும்? அதுவும் கடையில், அந்நிய ஆள் முன்னால். "பெரிசு கழுத்த வலிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

கடைக்காரர் நல்ல மனுஷர். "அம்மாவையே ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்" என்று சின்னதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பளீரென்று வெளிச்சம் அடித்தது. அடுத்து வெடிச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. பின்பக்கத்தில் என் முகத்தைக் காட்டினார். அடி வாங்கப் போகிறவள் மாதிரி கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

"அத்தை சொல்றதுதேன் சரி. இது என் ஹேண்ட்பேக்ல அடங்கும்" என்றாள் மருமகள். அவள் காரணம் அவளுக்கு. எனக்கு அது போதும்.

"ரெண்டு பொம்பளைகளும் ஒண்ணு சேந்துட்டீக, இனி நான் என்ன பேச" என்று மகன் சின்னதையே வாங்கினான். பஸ்ஸில் திரும்பும்போது அந்த டப்பாவை என் மடியில்தான் வைத்திருந்தேன். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் ரயில் ஏறினோம். எங்களோடு டூர்க்காரர் கூட்டி வந்த ஆட்கள் நிறையப் பேர். சார்ஜ் போட மகன் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும். காசியில் விடியக்காலம் கங்கையில் முங்கினோம், படகில் போனோம், படமாக எடுத்துத் தள்ளினான். ஈரத்துணி மாற்றி அப்படியே சந்துக்குள் நடந்தோம். கோயில் கிட்டத்தில் வந்த பிறகுதான் டூர்க்காரர் சொன்னார்: "கேமரா, செல்போன் எதுவும் உள்ள விட மாட்டாங்க. போலீஸ் செக்கிங் இருக்கு. பூக்கடையில பெட்டி இருக்கும், வச்சுட்டு வாங்க."

செல்போன் லாட்ஜிலேயே கிடந்தது. கேமராதான் கையில் இருந்தது. மகன் பூக்கடைக்காரனைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். "புதுசு. பாஷை தெரியாத ஊரு. எவனை நம்பிக் குடுக்க?" என்றவன் அப்புறம் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஆனால் அவன் வேறு ஒன்றைச் சொன்னான்.

"யம்மா, இதை உன் சுருக்குப்பைல போட்டு இடுப்புல சொருகிக்க. கிழவிகளை எவளும் தடவிப் பாக்க மாட்டா."

"அத்தை, எதுவும் பேசாம என் பின்னாலயே வந்துருங்க" என்றாள் மருமகள்.

சோப்பு டப்பா அளவு என்பதால் சுருக்குப்பைக்குள் அடக்கமாகப் போய்விட்டது. பையில் கிடந்த வெற்றிலையை அவள் வாங்கிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பெண்களுக்குத் தனி வரிசை. துணி மறைப்புக்குள் ஒரு பெண் போலீஸ். மருமகளைத் தடவிப் பார்த்து உள்ளே தள்ளினார். அடுத்தது நான்.

இதைப் புரியும்படி சொல்லத் தெரியுமா என்று தெரியவில்லை. வாழ்நாளில் பாதி, தினமும் காலையில் நான் கம்பெனி கேட்டில் சோதனைக்கு நின்றவள். அங்கே இருக்கிற அக்கா கை வைப்பதற்கு முன்னாலேயே நாங்கள் சுருக்குப்பையை அவிழ்த்து விரித்துக் காட்டுவோம். மறந்துபோய் யாராவது ஒரு தீப்பெட்டியை உள்ளே கொண்டுபோனால், அந்த அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அன்றோடு முடிந்தது. கேட்டில் ஒளிக்கிறவளை நாங்கள் மனுஷியாகவே மதிக்க மாட்டோம். அந்தப் போலீஸ் அம்மாள் என் பக்கம் கையை நீட்டினார். என் கை தானாக இடுப்புக்குப் போனது. பையை அவிழ்த்து, கேமராவை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

அவர் இந்தியில் கத்தினார். திருப்பி என் கையில் திணித்து வெளியே போ என்று கை காட்டினார். மருமகள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் வந்த கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஆண்கள் வரிசையில் கம்பிக்கு அந்தப் பக்கம் மகன் தலை தெரிந்தது. "யம்மா, அங்கனயே நில்லு! எங்கயும் போயிராத!" என்று கத்தினான்.

நின்றேன். வளையல் கடைச் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு மாடு வந்தால்கூட ஒதுங்க இடம் இல்லாத சந்து. ஒரு தடவை துணிந்து பூக்கடைக்காரனிடம் கேமராவை நீட்டினேன். அவன் என்னமோ கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. காணாமல் போனால் மகன் முகத்தில் எப்படி முழிப்பது என்று கையை இழுத்துக்கொண்டேன். உள்ளே போய் வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். எல்லார் கையும் ஈரமாக இருந்தது.

மருமகள் அழுதுகொண்டே வந்தாள். "அத்தை, தொட்டுட்டேன்" என்று என் கையைப் பிடித்தாள். அந்த ஈரம் என்மேல் பட்டது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"ஊரே ஒளிச்சுக் கொண்டு போகுது, எங்கம்மா போய்ச் சரண்டர் ஆயிருச்சு" என்று மகன் டூர் ஆட்களிடம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என் பக்கத்தில் வந்து, "நாளைக்குக் காலைல நீ மட்டும் போய்ட்டு வா யம்மா, நான் வெளிய நிக்கேன்" என்று மெதுவாகச் சொன்னான். மனசாரத்தான் சொன்னான். ஆனால் அன்று ராத்திரியே கயாவுக்கு வண்டி என்று டூர்க்காரர் சாமான்களைக் கட்டச் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். அவளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் யார் போவது? பிறகு என் முழங்கால் போய்விட்டது. இதில் யாரைக் குறை சொல்ல முடியும்? பேத்தி முகத்தைப் பார்த்தால் வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று. எங்கள் பக்கத்திலிருந்து காசிக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். வாசல்வரைக்கும் சொல்லுவேன். அதற்கு மேல் மருமகள் சொன்னதைத்தான் சொல்கிறேன். லிங்கம் நாம் நினைக்கிற மாதிரி பெரியது இல்லையாம், கறுப்பாம், நடுவில் இல்லாமல் ஒரு மூலையில், வெள்ளித் தகடு அடித்த பள்ளத்துக்குள் இருக்கிறதாம். தொட்டால் ஜில்லென்று இருக்கும் என்று அவள் சொல்கிறாள். மகனைக் கேட்டால், இல்லை, அத்தனை பேர் கை பட்டு வெதுவெதுப்பாக இருந்தது என்கிறான். ஒரே சாமியை ஒரே நேரத்தில் தொட்டவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். உள்ளே போய்த் தொட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், எது சரி என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்தியும் விடுங்கள்.