டொக்டரின் கையைப் பிடித்து நடந்த லோர்னா அன்ரி

லோர்னா அன்ரி பறங்கியர் கலியாண வீடுகளில் சோடி சேர்ந்து ஆடி வளர்ந்தவர். மட்டக்களப்புப் பட்டணத்தில் மணப்பெண்களுக்குக் கவுன் தைத்துச் சீவித்தார். கணவர் நோர்மன் இறந்தபின் வாவிக்கரை முதியோர் இல்லத்துக்கு வந்தார். நடக்கக்கூடியவர்களுக்கு மாடி, முடியாதவர்களுக்குக் கீழ்த்தளம் என்பது எங்கள் இல்லத்துச் சட்டம். வந்த புதிதில் படியேறும்போது அன்ரி, இங்கே வேலை செய்யும் எங்களையே முந்திவிடுவார்.

இந்த மாரியில் குளியலறையில் இரண்டு தரம் விழுந்தார். பிறகு சுவரைப் பிடித்தாலும் கால் நகரவில்லை. இன்னொரு தரம் விழுந்தால் இடுப்பு முறிந்துவிடும் என்று, அவரைப் பராமரிக்கும் உசாந்தி பயந்தாள். கீழே ஒரு கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனால் டொக்டர் மறுபடி பார்த்து எழுதாமல் யாரையும் இடம் மாற்ற முடியாது.

டொக்டர் கேதீசன் வந்தார். அவருக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். ஆகவே, அன்ரியால் படி ஏறி இறங்க முடியுமா என்று அவர் பார்ப்பதற்காக, நாங்கள் நாலு பேர் அன்ரியை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினோம். அன்ரியோ விருந்தாளி வருகிறார் என்று பவுடர் பூசி, உதட்டுச் சாயமும் போட்டிருந்தார்.

"எப்பிடி அன்ரி, நடக்கிறீங்களா?" என்று டொக்டர் கையை நீட்டினார்.

ஓர் ஆண் கை நீட்டினால் எழும்பாமல் இருப்பது அன்ரிக்குப் பழக்கமில்லை. "ஐயோ மகன், ஆடவா கூப்பிடுறீங்க?" என்று எழும்பி, முழுப் பாரத்தையும் அவர் தோளில் சாய்த்து, விறாந்தையின் அந்தம்வரை போய்த் திரும்பினார். டொக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"நல்லா நடக்கிறா. ஊண்டிற பொல்லுகூடத் தேவையில்ல."

"ஓம் சேர், நீங்கதானே பொல்லு" என்றாள் உசாந்தி. "கைய விட்டுப்போட்டு நடக்கச் சொல்லுங்க."

"சும்மா இரி புள்ள! டொக்டருக்குத் தெரியாததா?" என்று இல்லத்துக்குப் பொறுப்பான மேற்றன் அதட்டினார்.

டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வாகனத்துக்குப் போனார்.

"சரி, தூக்குங்க மேல" என்றார் மேற்றன்.

நாங்கள் நாற்காலியைத் தொடவில்லை.

"நல்லா நடக்கிற ஆள ஏன் மிஸ் தூக்கணும்? நடந்து போகட்டுமே" என்றாள் உசாந்தி.

அன்ரி சிரித்தபடி எழும்பப் பார்த்தார். கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றியும் உடம்பு எழும்பவில்லை. மேற்றன் டொக்டரின் வாகனம் போய்விட்டதா என்று வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் காலிக் கட்டில்ல விடுங்க. கடுதாசில அவ மேலதான், விளங்கினதா?" என்றார்.

இப்போது மேலே யாரும் படுக்காத கட்டிலுக்கு நாங்கள் தவறாமல் விரிப்பு மாற்றுகிறோம். கீழே, அன்ரி குளிக்கும்போது உசாந்தி கதவடியில் நிற்கிறாள்.