மணம் அறியாதவரின் போத்தல்

“ஆவணி, முதல் ஞாயிறு பின்னேரம், மானிப்பாய்” என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. புதிதாக வாங்கிய விஸ்கியையும் வைனையும் பகிர்ந்து சுவைக்க நாங்கள் ஐந்து பேர் எங்களில் ஒருவர் வீட்டில் கூடுவோம். எங்களில் ஒருவர் மெலிந்த, ஓய்வுபெற்ற மருந்தாளர். கொரோனா வந்துபோனபின் அவருக்கு எந்த மணமும் தெரிவதில்லை. ஆனாலும் நல்ல போத்தல் அவருடையதாகத்தான் இருக்கும். நாங்கள் முகர்ந்து சொல்வதைக் கண்மூடிக் கேட்டுவிட்டே குடிப்பார்.

அன்று அவர் விஸ்கிக் கிளாஸை மூக்கருகே பிடித்து, எங்களை முந்திக்கொண்டு, “ஈரச்சாக்கு மணக்குது” என்றார்.

வீட்டுக்காரர் சிரித்தார். “அண்ணை, அது விஸ்கி இல்லை. உங்களுக்குப் பின்னாலை ஐஸைச் சாக்காலை மூடி வைச்சிருக்கிறன்.”

“அப்ப உண்மையா மணக்குதோ?”

“ஓம், நல்லா நாறுது.”

அவர் கிளாஸை வைத்துவிட்டு, குனிந்து சாக்கையே முகர்ந்துகொண்டிருந்தார்.

உள்ளே வரும்போதே அதை அவர் கண்ணால் கண்டிருந்தாரா என்பது இன்னும் உறுதிசெய்யப்படவில்லை.