'டி' போட்ட தகடு

என் தங்கையின் பிளாஸ்மா குளிர்ந்துபோயிருந்தது. குளிர்ந்தது என்றால் இரண்டு மில்லியன் டிகிரி. பத்து மில்லியன் வந்திருக்க வேண்டும்.

அவள் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். உலோகக் குழாயில் கொஞ்சம் வாயுவை விட்டு, சேமித்துவைத்த மின்சாரத்தை ஒரே அடியில் அதில் பாய்ச்சுவார்கள். வாயு பிளாஸ்மாவாகி, கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். எந்த வெப்பமானியும் அங்கே தாங்காது. அதனால் அதிலிருந்து வரும் எக்ஸ் கதிரை ஓர் அலுமினியத் தகட்டின் வழியாக விட்டு, எவ்வளவு கடந்து வருகிறது என்று பார்ப்பார்கள். சூடு அதிகமென்றால் கதிர் நன்றாகத் துளைத்து வரும். தகட்டின் கனம், அதாவது தடிமன், தெரிந்தால் சூட்டைக் கணக்கிடலாம். பத்திரிகையில் துணையாசிரியராக இருக்கும் எனக்கு, மூன்று முறை விளக்கிய பிறகுதான் இது புரிந்தது.

ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு 'ஷாட்'. ஒரு வருட ஷாட்களும் குளிர்ந்தே வந்தன. திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இன்னொரு வருடம் அவளிடம் இல்லை. உதவித்தொகை முடியவிருந்தது.

தகட்டைப் பொருத்திய டெக்னீஷியன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் கிள்ளானை அடுத்த காப்பார் என்ற ஊரில் தன் வீட்டில் இருந்தார். "நோட்டைப் பார்க்காம என்னத்த சொல்றது? வீட்டுக்கு வா," என்று போனில் சொன்னாராம். சனிக்கிழமை காலை, நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நான்தான் காரை ஓட்டினேன். கிள்ளான் தாண்டும்வரை அவள் தன் ஆய்வு நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க டாக்டர்," என்றார் அவர்.

"இன்னும் ஆகலண்ணே. ஆக மாட்டேன் போலிருக்கு."

கட்டுப்போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டிவைத்து, அவளுடைய நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கட்டின் மேல் அவருடைய பிள்ளைகள் மார்க்கரில் மீன் வரைந்திருந்தார்கள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தகடு டி, மெல்லிசுன்னு எழுதியிருக்கே?"

"ஆமாண்ணே. நீங்கதானே பெட்டி மேல இங்கிலீஷ் 'டி' (T) போட்டிருந்தீங்க. 'தின்'தானே, மெல்லிசு."

"தின்னா? டி-னா தெபால் லா. தடிச்சது. ஸ்டோர் ஃபாரமெல்லாம் மலாய்லதானே எழுதறேன், அதுக்கும் இங்கிலீஷ் எழுத்துதான். மெல்லிசுக்கு 'என்', நிப்பிஸ். அது டிராயர்லயே கிடக்கு."

தங்கை நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

"சரி, இங்கிலீஷ்னே வெச்சுக்க. தின்னுக்கும் டி, திக்குக்கும் டி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா பேப்பர்ல தப்பு பிடிக்கிறவங்கதானே? வீட்ல பிடிக்க மாட்டீங்களா?"

அந்த நோட்டு பல வாரங்களாக எங்கள் சாப்பாட்டு மேசையில் விரிந்தே கிடந்தது. எனக்கும் எதுவும் தோன்றவில்லை.

தடித்த தகடு நிறையக் கதிரைத் தடுத்திருக்கிறது. மெல்லிய தகடே இவ்வளவு தடுக்கிறதென்றால் பிளாஸ்மாவில்தான் சூடு இல்லை என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஷாட்களில் ஒரு குறையும் இல்லை.

அவர் கனத்தைச் சொன்னார். அவள் மடிக்கணினியில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மில்லியனைத் தாண்டி நின்றது.

"நான் ஞாபகத்துலேர்ந்து சொன்னேன். திங்கக்கிழமை குழாயைத் திறந்து அளந்து பார்த்துக்க," என்றார்.

அவள் மடிக்கணினியை மூடினாள். சமையலறைப் பக்கம் திரும்பி, அவர் மனைவியிடம், "அக்கா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். தோசையும் முந்தின நாள் மீன் குழம்பும் இருந்தன. ஐந்து தோசை சாப்பிட்டாள். அந்த வாரம் முழுவதும் பாதித் தட்டோடு எழுந்துபோனவள் அவள்.

திங்கட்கிழமை தகட்டை அளந்தாள். அவர் சொன்ன கனம்தான். பேராசிரியர் புதிய கணக்கைப் பார்த்துவிட்டு, அடுத்த அத்தியாயம் எப்போது வரும் என்று கேட்டாராம். மாலையில் அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். தகட்டுப் பெட்டி. 'டி' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தகட்டின் கனம், மைக்ரான் கணக்கில், வெறும் எண்ணாக இருந்தது.