ஒரு செபத்துக்கு எத்தனை முடிச்சு

அந்தப் பலகைத்துண்டு இப்போது என் மேசையில், தாள்கள் பறக்காமலிருக்கப் பாரமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் ஈயம் பதித்த முக்கோணப் பலகை. அதில் கட்டியிருந்த முடிச்சுக் கயிறு உக்கிப் போய்விட்டது. என் அக்காவின் கணவர், அத்தான், முல்லைத்தீவுக் கடலில் படகின் வேகத்தை அளந்தது இதை வைத்துத்தான்.

அளப்பது சுலபம். கடலில் போட்டால் பலகை போட்ட இடத்திலேயே நிற்கும். படகு போகப் போகக் கயிறு கைக்குள்ளால் ஓடும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் எத்தனை முடிச்சு ஓடியதோ அதுதான் வேகம்; அதை வைத்து ஓடிய தூரத்தைக் கணக்குப் போடுவார். மணிக்கூட்டைப் பார்க்கலாமே என்றால் மனுசனுக்குக் கோபம் வந்துவிடும். "மணிக்கூடு உப்புத்தண்ணி பட்டா நிண்டுபோகும். மாதா நிப்பாவோ?" என்பார். எனக்கு இதெல்லாம் பெரிய பகிடி. கப்பலில் வேலை செய்த ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பித்தளை மீற்றர் ஒன்று வாங்கிவந்து படகின் பின்பக்கத்தில் பூட்டினேன். அதன் கயிற்று நுனியில் ஒரு சுழலி. அது தண்ணீரில் சுழலச் சுழல, ஓடிய தூரத்தை முள் காட்டும். "உன்ர மணிக்கூட்டுக் கடை நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்று அத்தான் நக்கலடித்தார். உண்மையைச் சொன்னால், கடல் அமைதியான நாள்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையே சொல்லின. அவருடைய செபம் அவ்வளவு நிதானம்.

ஒரு மாரிகாலக் காலையில் வடக்கிலிருந்து கரையோரமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை கரையை அப்படியே மூடிவிட்டது. எங்கள் கரையைத் தாண்டினால் கல்லுப்பார், தண்ணீருக்குள் மறைந்த பாறைத்திட்டு. அதில் ஏறினால் படகும் இல்லை, நாங்களும் இல்லை. கரைக்கு நேரே வந்தாயிற்று என்றது மீற்றர். இன்னும் ஓட இருக்கிறது என்றது கயிற்றுக் கணக்கு. அத்தான் கயிற்றைத்தான் நம்பினார். நான் கத்தியும் காதில் வாங்காமல் மறுபடி பலகையைப் போட்டார். அப்போதுதான் கவனித்தேன். 'அருள் நிறைந்த'வுக்கும் 'ஆமென்'னுக்கும் நடுவில் மூச்சே இல்லை. செபம் சுருங்கினால் ஓடும் முடிச்சும் குறையும். படகு மெதுவாகப் போவதாகத்தான் கணக்கு வரும்.

"அத்தான், செபத்தை விழுங்கிறியள்! நாங்கள் கெதியாத்தான் வந்திருக்கிறம்!"

என்னை ஒருதரம் பார்த்தார். படகைக் கரைப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் இடப்பக்கமாக, பாரில் அலை உடையும் சத்தம் கிட்டக் கேட்டது.

கரையில் இறங்கியதும் நான் சும்மா இருந்திருக்கலாம். வென்ற திமிரில், "பயந்திட்டியள், என்ன?" என்றேன்.

"ஓம், பயந்திட்டன். உன்ர அக்காவுக்கு மிஞ்சின சகோதரம் நீ ஒருத்தன்தான். உன்னைக் கடலிலை விட்டிட்டு அவவுக்கு முன்னாலை எப்பிடியடா போய் நிக்கிறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன் பிறகு அந்தக் கயிற்றை நான் ஒருநாளும் பகிடி பண்ணவில்லை.

அத்தான் காலமான பின் அக்கா இந்தப் பலகையை என்னிடம் தந்தார். மீற்றர் எங்கே போனதென்று தெரியாது. இன்று கடலில் இருப்பவன் என் மகன். அவன் படகு ஒரு புள்ளியாக என் போனில் நகர்கிறது. வேகமும் பக்கத்திலேயே விழுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, கை தானாகப் பலகையை எடுத்தது. ஒரு மரியே சொல்லலாமென்று வாயெடுத்தேன். வாயெடுத்த கையோடு ஆமென் வந்துவிட்டது.