கிருபாவின் கணுக்காலில் வைத்த திருகு

அன்பான பிள்ளைகளே, என் மகள் கிருபாவின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு நான் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நாளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. சேரன்மகாதேவியில் ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

போன வருஷம் கிருபாவுக்கு ஒன்பது வயது. ஓய்வுநாள் பள்ளி முடிந்து எங்கள் சபைக் கோவில் படியில் ஓடி இறங்கினவள் விழுந்துவிட்டாள். வலது கணுக்கால் எலும்பு முறிந்தது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கைக்குழந்தை இருந்ததால் என் மனைவி வீட்டில் இருந்தாள்.

கிருபாவுக்கு மயக்க மருந்து ஆகாது. நாலு வயதில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தபோது மூச்சு நின்றுபோய், இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தாள்.

டாக்டரம்மா சொன்னார்: எலும்பைச் சேர்க்கத் திருகு வைத்தே ஆக வேண்டும். மயக்க மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்போம். ஆனால் ஸ்டீல் திருகு என்றால், வளருகிற பிள்ளை, பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும்.

இன்னொரு தடவையா? துத்தநாகத்தில் புதுவிதமாக ஒரு திருகு செய்து ஆராய்ச்சியாக வைத்துப் பார்க்கிறார்கள் என்று அவர் ஆரம்பித்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கண்ணை இறுக மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளை இன்னொரு தரம் கத்திக்குக் கீழே போகக்கூடாது" என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து, காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அந்தத் துத்தநாகத் திருகையே வைத்தார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் பிள்ளை கண் திறந்தாள்.

துத்தநாகம் எனக்குத் தெரிந்த சாமான். இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசுவார்கள். அப்படியானால் இந்தத் திருகு ஆயுசுக்கும் இருக்கும், எடுக்கவே வேண்டாம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். எங்கள் சபைப் போதகர் ஐயர் அதை வாசிப்பார். எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம். நான் வாரம் தவறாமல் எழுதினேன்: "கிருபாவின் காலில் உள்ள திருகு தேயாமல், அரிக்காமல் நிலைத்திருக்க."

ஒரு தடவை கிருபா எட்டிப் பார்த்து, "அப்பா, டாக்டரம்மா அப்படிச் சொல்லலையே" என்றாள்.

"ஏளா, ஜெபச் சீட்டு எழுதும்போது சும்மா இரு" என்று அதட்டிவிட்டேன்.

நடுவில் எடுத்த படங்களில் திருகு வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்தில்தான் அது மாறியிருந்தது. மரை எல்லாம் தேய்ந்து, உடம்பு மெலிந்து, முனை அரித்துப்போய் இருந்தது. என் பட்டறைக்கு அப்படி ஒரு திருகு வந்தால் குப்பையில்தான் போடுவேன். மறுபடியும் ஆபரேஷன். மறுபடியும் மயக்க மருந்து. சபையே முழங்காலில் நின்ற ஜெபம் எங்கே போனது? எனக்கு ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்கு அண்ணாச்சி அழுவுதிய? நல்லாத்தான இருக்கு!" என்றார் டாக்டரம்மா.

"எங்கன நல்லாருக்கு? திருகு அரிச்சுப் போச்சேம்மா!"

"அரிக்கணும்னுதான வச்சோம்!"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் படத்தைக் கையில் எடுத்துப் பைய விளக்கினார். துத்தநாகத்தோடு எலும்புச் சத்து போன்ற ஒரு பொடியைக் கலந்து செய்த திருகு அது. எலும்பு கூடும்வரை பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். "எலும்பு கூடிட்டு. இனி எடுக்கவே வேண்டாம். அன்னைக்கே சொன்னேனே?"

கிருபா சிரித்தாள். "டாக்டரம்மா, அப்பா அன்னைக்குக் கண்ணோட சேத்துக் காதையும் மூடிட்டாங்க!"

முதல் அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. ஒரு வருஷமாக நான் என் முதல் ஜெபத்துக்கு எதிராகவே சீட்டு எழுதியிருக்கிறேன்! நான் கேட்டபடி அந்தத் திருகு நிலைத்திருந்தால், அதை எடுக்கக் கத்தி வந்திருக்கும். ஆண்டவர் என் சீட்டுகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, நான் பயந்து அழுது கேட்டதைத் தந்திருக்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டுவலியோடு வாரம் தவறாமல் வருகிற சாலமோன் அண்ணாச்சி முதலில் பேசினார்: "ஏவே, திருகு தேயக்கூடாதுன்னு முழங்கால்ல நின்னு நின்னு என் மூட்டுல்லா தேஞ்சு போச்சு! இந்த வாரமாவது என்ன கேக்கணும்னு தெளிவாச் சொல்லும்வே."

"மிச்சமும் கரையணும் அண்ணாச்சி" என்றேன். ஐயரே சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் முழங்காலில் நின்றோம். என்னால் ஸ்தோத்திரம் என்ற ஒரு வார்த்தைக்கு மேல் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் கோவிலில் எல்லோருக்கும் சோறு போடுகிற அசனப் பந்தியில் கிருபா தண்ணீர்ச் செம்போடு வரிசை வரிசையாக நடந்தாள். சாம்பார் வாளி தூக்க வேண்டிய நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து ஜெபிக்காமல் இருந்துவிடாதீர்கள். வலிக்கிற இடத்தை அவரிடம் காட்டுங்கள். எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நான் ஒரு வருஷம் முழுக்க அவருக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பொறுத்துக்கொண்டு, தம்முடைய வேலையைச் செய்து முடித்தார்.