ஓர் ஈடு ஏஞ்சல் குஞ்சுகள்

வாழைப்பழத் தோல் ஊறி அழுகிய தண்ணீரின் புளித்த வாடை, சிமெண்டுத் தொட்டிப் பாசியின் பச்சை வாடை, இவற்றுக்கு மேல் பக்கத்துத் தெருத் தறிகளிலிருந்து மிதந்து வந்து ஈரம் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் தூசியின் வாடை. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் புறவாசல் அந்த ஒரு வருடம் இப்படித்தான் மணத்தது. நாறியது என்றும் சொல்லலாம், அம்மா அப்படித்தான் சொன்னாள்.

மீன் வளர்த்தது அக்கா. அப்பா இறந்த பிறகு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அவள் கப்பி மீன்களைப் பெருக்கிய நேர்த்தியைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருந்த பாய் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனைத் தூக்கிக் கொடுத்தார். "கப்பி கொசு மாதிரி, யாரு வீட்டுலயும் பெருகும். இது மகாராணிம்மா. இதப் பொரிக்க வச்சிட்டேன்னா குஞ்சு வாங்க வாராவாரம் நானே வண்டி எடுத்துட்டு உன் வாசலுக்கு வாரேன்."

கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களுக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் எங்கள் தெருவுக்கும் வரத் தொடங்கியிருந்த காலம் அது. விடுதியில் தங்கி வேலை, வருடக்கணக்கில் வெளியே விடமாட்டார்கள். போய்த் திரும்பிய பெண்கள் குரல் கம்மி, கன்னம் ஒட்டித் திரும்பியிருந்தார்கள். அக்காவின் பேரை அம்மா கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டு அழுதாள். அழுதபடியே ஒரு வழியும் விட்டாள்: "ஆடி கழிஞ்சு வேன் வரும். அதுக்குள்ள ஒரு ஈடு குஞ்சு பொழச்சு நீந்திட்டா நீ போக வேண்டாம்ட்டி. இங்கனயே இருந்து மீனப் பாரு."

ஏஞ்சல் மீன் செங்குத்தாக நிற்கும் எதிலும் முட்டையை ஒட்டும். நான் ஒன்றாம் வகுப்பில் எழுதிய சிலேட்டின் சட்டத்தைக் கழற்றிவிட்டு அக்கா அதைத் தொட்டியில் நிறுத்திவைத்தாள். பெண்மீன் வரிவரியாக முட்டை ஒட்டிக்கொண்டு போக, ஆண்மீன் அதே வரியில் பின்னால் போனது. யாரோ பொறுமையாகக் கையெழுத்துப் பழகுவது போலிருந்தது. ஆனால் வாசலில் ஒரு சைக்கிள் மணி, அடுப்படியில் ஒரு தட்டு விழும் சத்தம், அவ்வளவுதான், பெற்றவையே மிரண்டுபோய் முட்டைகளைத் தின்றுவிடும். முதல் ஈடு அப்படிப் போனது. அடுத்ததும் போனது. "எம்பிள்ளைய வேன்ல ஏத்தாம இதுக விடாது போல. தின்னு தின்னு கொழுக்குதுக" என்று அம்மா மீன்களைத் திட்டினாள்.

பிறகு முட்டை ஒட்டியவுடன் சிலேட்டை மட்டும் எடுத்து, காற்றுக் குமிழி விடும் மோட்டாரோடு தனித் தொட்டியில் வைத்தாள் அக்கா. அது பலித்தது. பொரிந்த குஞ்சுகள் வாலை மட்டும் துடிக்கவிட்டுச் சிலேட்டில் தொங்கின. ஒரு காலையில் எல்லாம் சேர்ந்து கிளம்பி நீந்தின, கண் வைத்த ஊசிமுனைகள் போல. நான் கண்மாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவர, அவள் அதில் வாழைப்பழத் தோலை ஊறப்போட்டு, பெருகும் நுண்பூச்சிகளை வடித்து ஊட்டினாள். "எம்புட்டு இருக்கும்க்கா?" என்று கேட்டால், "எண்ணாதட்டி, கண்ணு பட்டுரும்" என்று சிரித்தாள். திட்டிக்கொண்டிருந்த அம்மாகூட "எம்பேரப்பிள்ளைக முழிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

அம்மாவின் வேலை, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியை மடித்து அடுக்குவது. எங்கள் பக்கத்தில் அந்தத் துணி இல்லாத வீடு கிடையாது. பால் வடிகட்டுவதும் மூக்குச் சிந்துவதும் அதில்தான். அக்காவும் பஞ்சுத் தூசி விழாமல் தொட்டியை அதில்தான் மூடியிருந்தாள். ஆனால் அது தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும் பழுப்பு நிறக் கோராத் துணி. கஞ்சி போகக் கிணற்றுத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசியது. அம்மா ஒருநாள், பிளீச்சிங் பட்டறையில் சரியாக அலசாமல் மருந்து வாடை அடிக்கிறது என்று கழித்துப்போட்ட துணியில் ஒரு மடிப்பை எடுத்து வந்தாள். பேரப்பிள்ளைகளுக்குப் பழுப்புத் துணி ஆகாது என்று தோன்றியிருக்க வேண்டும். அக்கா இல்லாத நேரம் பழையதை எடுத்துவிட்டு, வெள்ளை வெளேரென்ற அந்தப் புதுத்துணியால் தொட்டியை மூடிவிட்டு, பள்ளி விட்டு வந்த என்னிடம் பெருமையாகக் காட்டினாள். "ஆஸ்பத்திரிக்கே போற துணி பாத்துக்க. பச்சப் புண்ணு மேலயே வைக்காவ. இனி ஒரு நோவும் அண்டாது." துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா வீடு திரும்பியபோது இருட்டிவிட்டிருந்தது, புறவாசல் பக்கம் போகவில்லை.

விடிந்தபோது குஞ்சுகள் அடியில் மாவு போலப் படிந்து கிடந்தன. அக்கா துணியை எடுத்து மோந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அதைச் சுருட்டி விறகுக் குவியலுக்குள் செருகினாள். "என்னட்டி சத்தத்தையே காணோம்?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"கரண்டு போயிருச்சும்மா. மோட்டார் நின்னுருச்சு. செத்த நேரந்தான், அதுக்குள்ள மூச்சு முட்டிருச்சு."

பிறகு என் கையைப் பிடித்து, "துணியப் பத்தி அம்மாட்ட வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

வேன் வந்தது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கையாட்டவில்லை. அவள் போன வாரமே அந்த ஜோடி இன்னொரு முறை சிலேட்டு நிறைய முட்டை ஒட்டியது. எடுத்துவைக்க எனக்குக் கை வரவில்லை. தின்றுவிட்டன.

இன்று அந்தப் புறவாசல் இல்லை, கிணற்றை மூடி அறை எடுத்தாயிற்று. பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஏஞ்சல் மீன்கள் சென்னையிலிருந்து காற்றடைத்த பைகளில் பஸ் ஏறி வருகின்றன, வந்ததும் கண்ணாடிக்குள் எதையும் பழகாமல் சும்மா நிற்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட அக்காவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. மருத்துவர் நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மில் வேலையா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாவை அவள்தான் வைத்துப் பார்க்கிறாள். போன வாரம் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் ஃபேன் நின்றது. படுக்கையிலிருந்து அம்மா ஆரம்பித்தாள். "இந்தக் கரண்டுக்காரன் நாசமாப் போவான். அன்னைக்கும் இவன்தான எம்பிள்ளைய வேன்ல ஏத்திவிட்டான்."

அக்கா அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ஆமாம்மா," என்றாள். "அவன்தான்."