தையல்கார அத்தையின் கொடிக்கயிறு

முடிச்சுப் போட்டதும் அதைத் தட்டி, "அசையாம இரு" என்று சொல்வது அப்பாவின் வழக்கம். படகுத்துறையில் மூட்டை கட்டுபவர். புயல் எங்கள் தீவை நெருங்கிய ஒரு மதியம், அவர் தெருவில் எல்லாருடைய தகரக்கூரையையும் கட்டி முடித்தபோது எங்கள் கூரைக்குக் கயிறு மிஞ்சவில்லை.

"ஊருக்கெல்லாம் கட்டுங்க, நம்ம வீடு பறக்கட்டும்" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை துணிக்கொடியை அவிழ்த்துக் கொடுத்தார்.

"நாளைக்கே தந்துடறேன், தங்கச்சி" என்றார் அப்பா.

கூரை தப்பியது. அடுத்த புயலுக்கு ஆகட்டுமென்று அப்பா கயிற்றை அவிழ்க்கவேயில்லை. இப்போது அவர் இல்லை. வானிலை படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அப்படி முடிச்சுப் போட வராது. இன்றும் காற்று ஏறுகிறது. பின்னால் நாங்கள் கட்டிய கொடியில் உலர்த்திய தன் துணிகளை எடுத்தபடி அத்தை கேட்டார்:

"என் கயிறு எப்ப வரும்?"

"இந்தப் புயல் போகட்டும், அத்தை."

"அப்படியே உங்கப்பன் பேச்சு."